குழப்படியா, ஏ.டி.எச்.டியா? கோப்பாய்த் தாய் ஒருவரின் கேள்விக்குப் பதில்

கோப்பாய்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மூத்த மகனுக்கு 13 வயது, தரம் 8 இல் படிக்கிறான். முதலாம் வகுப்பிலிருந்தே குழப்படி என்று பெயர் எடுத்தவன். இவ்வருடம் வகுப்பாசிரியை வற்புறுத்தியதால் வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்றிருக்கிறார்கள், அங்கே ஏ.டி.எச்.டி (ADHD), அதாவது கவனக்குறைவும் மிகையியக்கமும் சார்ந்த குறைபாடு என்று சொல்லிக் குளிசையும் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். குளிசை வேண்டாம் என்று மாமியார் ஒற்றைக் காலில் நிற்கிறார். இரண்டு அடி போட்டால் எல்லாம் சரிவரும் என்கிறார் கணவர். இளையவளுக்கு 9 வயது. அமைதியான பிள்ளை, ஆனால் வகுப்பில் இருந்துகொண்டே எங்கேயோ போய்விடுகிறாள் என்று ஆசிரியை சொல்கிறாராம், அடுத்த வருடம் புலமைப்பரிசில் பரீட்சை வேறு. நான் எங்கே பிழை விட்டேன், இனி என்ன செய்ய வேண்டும் என்பதே அவருடைய கேள்வி.

நான் வைத்தியர் அல்லன். வலிகாமத்துப் பாடசாலைகளில் ஆசிரியராக இருந்து, பின்னர் உளவளத்துணைப் பயிற்சி பெற்று, இத்தகைய பிள்ளைகளோடும் அவர்களுடைய பெற்றோரோடும் நீண்ட காலம் வேலை செய்தவன். என்னுடைய இரண்டாவது மகனும் இந்தக் குறைபாடு உள்ளவன். ஆகவே வீட்டையும் பள்ளிக்கூடத்தையும் பற்றி விரிவாகவும், மருந்தைப் பற்றித் தேவையான அளவிலும் எழுதுகிறேன்.

பிழை பற்றிய கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். இது வளர்ப்பினால் வருவது அன்று. இரட்டைப் பிள்ளைகளை வைத்துப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள், ஒருவரிடம் இக்குறைபாடு கூடுதலாகவும் இன்னொருவரிடம் குறைவாகவும் காணப்படுவதற்கு ஏறத்தாழ முக்கால் பங்கு பரம்பரையே காரணம் என்று காட்டியிருக்கின்றன. குறைமாதப் பிறப்பு, பிறப்பு நிறை மிகக் குறைந்திருத்தல் போன்றவையும் சில பிள்ளைகளில் பங்கு வகிக்கின்றன. சீனி கூடச் சாப்பிட்டதாலோ, நீங்கள் வேலைக்குப் போனதாலோ, செல்லம் கொடுத்ததாலோ வந்ததன்று. உங்கள் மாமியார் குளிசையை மறுக்கும்போது, ‘இவன்ரை தேப்பனும் சின்னனிலை இப்பிடித்தான் திரிஞ்சவன், இப்ப நல்லாத்தானே இருக்கிறான்’ என்று சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். வைத்தியர் பல கேள்விகள் கேட்டுப் பெற வேண்டிய குடும்ப வரலாற்றை அவர் ஒரே வசனத்தில் தந்துவிட்டார். அவரோடு வாதாடுவதை விட்டு, அடுத்த தவணைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மகனுடைய சிறுவயதை அவரைப் போல் வேறு யாரால் சொல்ல முடியும்?

இது கனடாவிலும் லண்டனிலும் உள்ள பிள்ளைகளுக்கு வருகின்ற வெளிநாட்டு வருத்தம் என்று எங்கள் ஊரில் ஒரு கதை உண்டு. அங்கே பெயர் வைத்துச் சொல்கிறார்கள், இங்கே குழப்படி, துடியாட்டம், சோம்பல், திமிர் என்று நான்கு பெயர்களில் சொல்லி முடித்துவிடுகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். புத்தியில் குறைவில்லாமலே தங்களைக் கட்டுப்படுத்த இயலாத பிள்ளைகளைப் பற்றி ஜோர்ஜ் ஸ்ரில் என்ற பிள்ளை வைத்தியர் லண்டனில் 1902 ஆம் ஆண்டிலேயே விரிவுரை நிகழ்த்தியிருக்கிறார். உலக அளவில் நூறு பிள்ளைகளில் ஐந்து பேரளவில் இக்குறைபாடு காணப்படுகிறது. 40 பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இரண்டு பேர் என்று வைத்துக்கொண்டால், யாழ்ப்பாணத்து ஆசிரியர் எவரும் அந்த இரண்டு பேரையும் நினைவிலிருந்தே காட்டுவார்.

ஆனால் துடியாட்டமான பிள்ளை எல்லாம் ஏ.டி.எச்.டி உள்ள பிள்ளை அல்ல. அமெரிக்க மனநல வைத்தியர் சங்கம் 2013 இல் வெளியிட்ட வரையறை 18 அறிகுறிகளைத் தருகிறது: ஒன்பது கவனக்குறைவைச் சார்ந்தவை, ஒன்பது மிகையியக்கத்தையும் யோசியாமல் செய்துவிடுதலையும் சார்ந்தவை. ஏதாவது ஒரு பக்கத்தில் ஆறு அறிகுறிகளாவது ஆறு மாதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வீட்டிலும் பள்ளிக்கூடத்திலும் என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். பிள்ளையின் படிப்பையோ பழக்கவழக்கத்தையோ உண்மையில் பாதிக்க வேண்டும். காது சரியாகக் கேளாத பிள்ளையும், இரவில் மூக்கடைப்போடு நித்திரை குழம்பும் பிள்ளையும், இரத்தச்சோகை உள்ள பிள்ளையும், வாசிப்பில் குறைபாடு உள்ள பிள்ளையும், வீட்டில் குடியும் சண்டையும் பார்த்துப் பயந்து வாழும் பிள்ளையும் வகுப்பில் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். எங்கள் மண்ணில் இந்தக் கடைசி விடயத்தை ஒருபோதும் மறக்கக் கூடாது. இழப்பையும் இடப்பெயர்வையும் சுமந்த பெற்றோரின் பதற்றம் பிள்ளைகளிலும் இறங்குகிறது. உங்கள் மகனை வைத்தியர் பார்த்து, ஆசிரியையிடமும் கேட்டு முடிவு சொல்லியிருப்பதால், அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கிளறாமல் மேலே போகலாம்.

இனிச் சொல்லப்போவதுதான் இந்தப் பதிலில் எனக்கு முக்கியமானது. என் மகன் பத்து வயதில் இருந்தபோது நடந்த ஒரு காலையைச் சொல்கிறேன். குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்த மனைவி, ‘பல்லைத் தீட்டி, முகத்தைக் கழுவி, உடுப்பைப் போட்டு, கொப்பியளை அடுக்கிக்கொண்டு சாப்பிட வா’ என்று கூப்பிட்டார். ‘ஓம் அம்மா’ என்று உடனே பதில் வந்தது. இருபது நிமிடம் கழித்து நான் போய்ப் பார்த்தால், ஒரு காலில் மட்டும் காலுறையோடு, பிரஷ்ஷை வாயில் கடித்தபடி, கிணற்றடியில் குந்தியிருந்து, நெத்தலித் தலை ஒன்றை இழுத்துச் செல்லும் எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அந்தத் தலை கிணற்றுக் கட்டில் ஏறுமா ஏறாதா என்பது அந்த நேரத்தில் அவனுக்கு உலகத்திலேயே பெரிய விடயமாக இருந்தது. அவன் பொய் சொல்லவில்லை. ஓம் என்றபோது வரத்தான் நினைத்தான். முதல் நாள் இரவு கேட்டிருந்தால், காலையில் செய்ய வேண்டிய அத்தனையையும் வரிசை பிசகாமல் ஒப்புவித்திருப்பான்.

இந்தப் பிள்ளைகளுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். செய்ய வேண்டிய அந்த நேரத்தில் அது கைக்கு வராது. நாங்கள் கொடுக்கும் வைத்தியமோ புத்திமதி. இரவு எட்டு மணிக்கு விறாந்தையில் இருத்தி அரை மணித்தியாலம் சொல்லும் புத்திமதி, தெரிந்த பிள்ளைக்குத் தெரிந்ததையே திரும்பச் சொல்வதாகும். பிழை நடப்பது காலை ஆறு இருபதுக்கு, கிணற்றடியில். உதவியும் அங்கேதான், அந்த நேரத்தில்தான் நிற்க வேண்டும்.

ஆகவே குசினியிலிருந்து கூப்பிடுவதை நிறுத்துங்கள். பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டு, முகத்தைப் பார்த்து, ஒரேயொரு வேலையைச் சொல்லுங்கள். அவன் தொடங்கும் வரை அங்கேயே நில்லுங்கள். தொடங்கியதும் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள். இதற்குக் கூடிப்போனால் ஒரு நிமிடம் செல்லும். இருபது தரம் கத்துவதற்குச் செல்லும் நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். புத்தகப் பையும் தண்ணீர்ப் போத்தலும் சப்பாத்தும் முதல் நாள் இரவே வாசலடியில் ஒரே இடத்தில் இருக்கட்டும். செய்ய வேண்டிய ஐந்து காரியங்களை ஒரு மட்டையில் அவன் கையாலேயே எழுத வைத்து, கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். நேரம் என்பது இவர்களுக்கு உள்ளுக்குள் ஓடாத ஒன்று. அதைக் கண்ணுக்கும் காதுக்கும் தெரியச் செய்ய வேண்டும். போனில் ஒலிக்க வைப்பதை விட, முள் உள்ள மணிக்கூடும் மலிவான ஓர் அலாரமும் நல்லவை. போன் கைக்கு வந்தால் அதுவே இன்னோர் எறும்பு வரிசையாகிவிடும்.

இரண்டாவது, பலன் உடனே கிடைக்க வேண்டும். மூன்றாம் தவணையில் நல்ல புள்ளி எடுத்தால் சைக்கிள் வாங்கித் தருவதாகச் சொன்னால், அந்தச் சைக்கிள் இப்பிள்ளைக்கு அடுத்த பிறவியில் வருவது போலத்தான். நாங்கள் வீட்டில் ஒரு வெற்று ஓர்லிக்ஸ் போத்தலையும் புளியங்கொட்டைகளையும் வைத்திருந்தோம். சொன்ன வேலையைத் தொடங்கினால் ஒரு கொட்டை, முடித்தால் இன்னொன்று. பத்துச் சேர்ந்தால் அன்று மாலையே அரை மணித்தியாலம் ஒழுங்கையில் கிரிக்கெட். கொட்டை போத்தலில் விழும் சத்தத்துக்கே ஒரு பலன் இருந்தது. இரண்டு மூன்று கிழமையில் அது சலித்துப் போகும். அப்போது பலன் தரவில்லை என்று கைவிடாமல், பரிசை மாற்ற வேண்டும். உங்கள் மகனுக்கு 13 வயது என்பதால் புளியங்கொட்டையைப் பார்த்துச் சிரிப்பான். அவனுக்குக் கொப்பியில் புள்ளி போட்டு, அவனே பேரம் பேசித் தீர்மானித்த பரிசு பொருந்தும். ஒரு விடயத்தில் மட்டும் கவனம்: கோபம் வரும்போது சேர்த்த புள்ளியைப் பறிக்காதீர்கள். உழைத்ததை இழக்கும் பிள்ளை பிறகு உழைக்காது.

அடியைப் பற்றி உங்கள் கணவருக்கு ஒரு தகப்பனாக எழுதுகிறேன். நானும் அடித்தவன்தான். கணிதக் கொப்பியைத் தொலைத்துவிட்டு வந்ததற்காக வேலியில் நின்ற பூவரசங் கம்பை முறித்து அடித்தேன். அடுத்த கிழமையும் ஒரு கொப்பியைத் தொலைத்தான். ஆனால் அம்முறை எனக்குச் சொல்லவில்லை. அந்த அடி அவனுக்குக் கற்றுத் தந்தது அவ்வளவே. பாடசாலைகளில் உடல் ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சு 2005 ஆம் ஆண்டிலேயே 17 ஆம் இலக்கச் சுற்றறிக்கையால் தடை செய்தது. அதை வகுப்பறையில் மறந்துவிடும் ஆசிரியர்கள் இருப்பது போல், வீட்டில் அப்படியொரு யோசனையே வராத தகப்பன்மாரும் இருக்கிறோம். தண்டனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. சிறியதாகவும், உடனடியாகவும், ஒவ்வொரு தரமும் ஒரே மாதிரியாகவும் இருக்கட்டும்: இன்று மாலை போன் இல்லை, நாளைக் காலையிலிருந்து புதுக் கணக்கு. ஒரு மாதத்துக்குப் போன் இல்லை என்று சொன்னால் மூன்றாம் நாள் நீங்களே கொடுத்துவிடுவீர்கள். அவனுக்கும் அது தெரியும்.

ரசல் பார்க்லி என்ற அமெரிக்க உளவியலாளர் பெற்றோருக்கு ஒரு தோராயக் கணக்குச் சொல்வார்: தன்னைத் தானே நடத்திக்கொள்ளும் ஆற்றலில் இப்பிள்ளைகள் வயதுக்கு ஏறத்தாழ முப்பது வீதம் பின்தங்கி நிற்பார்கள். 2007 இல் வெளிவந்த மூளை வளர்ச்சி பற்றிய ஆய்வொன்றும், மூளையின் மேற்பட்டை அதன் உச்சத் தடிப்பை அடையும் வயது மற்றப் பிள்ளைகளில் ஏறத்தாழ ஏழரை என்றும் இவர்களில் பத்தரை என்றும் கண்டது. உங்கள் மகனின் 13 வயதுக்குப் பார்க்லியின் முப்பது வீதக் கணக்கைப் போட்டால் ஏறத்தாழ ஒன்பது வருகிறது, அதாவது அவனுடைய தங்கையின் வயது. அவளை நீங்கள் தனியாக யாழ்ப்பாணம் ரவுணுக்கு அனுப்பமாட்டீர்கள், அவளுடைய கொப்பிகளை அவளே அடுக்குவாள் என்று விட்டுவிடமாட்டீர்கள். மூத்தவனுக்கு மீசை அரும்புவதால் அதே மேற்பார்வை தேவையில்லை என்று எண்ணுகிறோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து வீட்டுப்பாடம் செய்விப்பது வெட்கம் அன்று. புத்தி அவனுக்கு 13 க்கு உரியதே. பேசும்போது அந்த மரியாதை குறையக் கூடாது.

ரியூசனைப் பற்றிச் சொல்லாமல் யாழ்ப்பாணத்தில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுத முடியாது. ஏழரை முதல் ஒன்றரை வரை பள்ளிக்கூடம், சாப்பிட்டதும் சாப்பிடாததுமாகச் சைக்கிளில் ஓடிப் போய் ஆறு மணி வரை தகரக் கொட்டகைக்குள் நூறு பேரோடு வாங்கில் இருத்தல், சனி ஞாயிறு விடியற்காலை வகுப்பு. நல்ல கவனம் உள்ள பிள்ளைக்கே இது கூடிய சுமை. மகன் ஐந்து பாடத்துக்குப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்றை நிறுத்துங்கள். மிச்சம் இரண்டுக்கும் முடியுமானால் நான்கைந்து பேர் மட்டும் இருக்கும் வகுப்பைத் தேடுங்கள். மிஞ்சும் மாலையில் ஒரு மணித்தியாலமாவது உதைபந்தோ, நீச்சலோ, வெறும் சைக்கிள் ஓட்டமோ உடலை வருத்தும் விளையாட்டாக இருக்கட்டும். அதன் பின் வீட்டுப்பாடத்தை இருபது நிமிடம் படிப்பு, ஐந்து நிமிடம் எழுந்து நடப்பு என்று துண்டு துண்டாகச் செய்விக்கலாம். கணக்குகள் பத்து இருந்தால் ஐந்தை மடித்து மறைத்துவிட்டு முதல் ஐந்தைக் காட்டுங்கள். அயலவர்கள் என்ன சொல்வார்கள் என்று யோசிப்பீர்கள், சொல்வார்கள்தான்.

வகுப்பாசிரியையோடு நீங்கள் சண்டையில் இல்லை என்பது பெரிய அதிர்ஷ்டம். அவரிடம் மூன்று விடயங்களை மட்டும் கேளுங்கள்: மகனை யன்னலுக்கும் கதவுக்கும் தள்ளி முன் வாங்கில் இருத்துதல், அடிக்கடி எழும்பிச் செய்யக்கூடிய சிறு வேலைகளை அவனிடம் ஒப்படைத்தல், வீட்டுப்பாடத்தைக் குறித்த கொப்பியில் ஒரு கையெழுத்து. சாதாரண தரப் பரீட்சையில் மேலதிக நேரம் போன்ற உதவிக்கு வைத்திய அறிக்கையோடு அதிபர் ஊடாக விண்ணப்பிப்பது பற்றித் தரம் 10 இலேயே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். கடைசி மாதத்தில் ஓடித் திரிந்தால் ஒன்றும் நடக்காது.

கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் கூட்டிப் போவது இன்னொரு சோதனை. நல்லூர்த் திருவிழாவின் 25 நாளில் ஒரு நாளாவது போகாமல் இருக்க முடியாது, போனால் சனத்துக்குள் கையை உதறிவிட்டு ஓடுவான் என்று பயந்துகொண்டே போவீர்கள். உள்ளே போன பிறகு அதட்டுவதை விட, வாசலில் சப்பாத்தைக் கழற்றும் இடத்திலேயே இரண்டு விதிகளைச் சொல்லி, அவன் வாயாலும் சொல்ல வைத்து, கையில் அர்ச்சனைத் தட்டைக் கொடுங்கள். வேலை உள்ள கை அலையாது. கூட்டம் கூடுவதற்கு முன்பே திரும்பிவிடுங்கள். நேர்த்தி வைத்ததாகவும் எழுதியிருந்தீர்கள். வையுங்கள், அது உங்களுக்கு ஆறுதல். கிளினிக் தவணையை மட்டும் அதற்காக விட்டுவிடாதீர்கள்.

இப்போது குளிசை. பெரும்பாலும் எழுதிக் கொடுக்கப்படுவது மெதைல்பெனிடேட். எந்தக் குளிசை, எவ்வளவு என்பது வைத்தியரின் பொறுப்பு. பெற்றோருக்குத் தெரிந்திருக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன். அதன் சாதாரண வடிவம் ஒரு மணித்தியாலத்துக்குள் வேலை செய்யத் தொடங்கி, நான்கு மணித்தியாலமளவில் முடிந்துவிடும். பசி குறையும் என்பதால் காலைச் சாப்பாட்டை முடித்த பின் கொடுப்பதே வசதி. மத்தியானம் குறைவாகச் சாப்பிட்டால் இரவில் புட்டோ இடியப்பமோ முட்டையோடு நன்றாகக் கொடுங்கள். தலையிடி, வயிற்று நோ, நித்திரை பிந்துதல் ஆகியவையும் வரலாம். மருந்து இறங்கும் பின்னேர வேளையில் சில பிள்ளைகள் சிடுசிடுப்பார்கள். அந்த அரை மணித்தியாலத்தில் வீட்டுப்பாடத்தைத் தொடங்காதீர்கள். நிறை, உயரம், நாடித்துடிப்பு, இரத்த அழுத்தம் ஆகியவற்றைக் கிளினிக்கில் ஒழுங்காகப் பார்க்க வேண்டும். குடும்பத்தில் இளவயதில் திடீரென இருதய நோயால் இறந்தவர் இருந்தால், அதைக் கேளாமலே சொல்லுங்கள்.

போதைக்கு அடிமையாகிவிடுவானா என்ற உங்கள் பயம் நியாயமானது. வைத்தியரின் மேற்பார்வையில் ஒழுங்காக எடுக்கும் பிள்ளைகளில் பிற்காலப் போதைப் பழக்கம் அதிகரிப்பதாக ஆய்வுகள் காட்டவில்லை, கவனிக்கப்படாத ஏ.டி.எச்.டி தான் சிகரட்டுக்கும் போதைக்கும் கூடுதலான ஆபத்து. ஆனாலும் குளிசைப் பெட்டி உங்கள் அலுமாரியில் பூட்டோடு இருக்கட்டும், அவனுடைய பையில் வேண்டாம். கனடாவில் இருக்கும் மச்சாள் தன் மகனுடைய குளிசையை ஆள் வசம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார் என்றீர்கள். அன்புதான், ஆனால் வாங்காதீர்கள். அளவும் வகையும் வேறாக இருக்கும், அவருடைய மகன் வேறு பிள்ளை.

மருந்து மட்டும் போதுமா என்றால், வட அமெரிக்காவில் 579 பிள்ளைகளை 14 மாதங்கள் தொடர்ந்து பார்த்து, 1999 இல் வெளிவந்த ஆய்வைச் சொல்லலாம். கவனத்தையும் அமைதியின்மையையும் பொறுத்தவரை, கவனமாக அளவிட்டுக் கொடுத்த மருந்து, பெற்றோர் பயிற்சியும் பாடசாலை உதவியும் மட்டும் தந்த பலனை விடக் கூடிய பலனைத் தந்தது. இரண்டும் சேர்ந்த குழுவில் குறைந்த அளவு மருந்தே போதுமாக இருந்தது. மூன்றாம் ஆண்டில் குழுக்களுக்கிடையே இருந்த வேறுபாடு மறைந்துவிட்டது. ஒரு வருடம் ஒழுங்காகச் செய்துவிட்டு விட்டுவிடக்கூடிய காரியம் இது அன்று என்றே நான் அதை விளங்கிக்கொள்கிறேன்.

பதின்ம வயது பற்றி உங்களுக்கு இப்போதே சொல்லி வைக்க வேண்டும், ஏனெனில் நீங்கள் அதன் வாசலில் நிற்கிறீர்கள். ஓட்டமும் பாய்ச்சலும் குறையும். வருத்தம் மாறிவிட்டது என்று உறவினர்கள் சொல்வார்கள். பெரும்பாலும் மாறியிருக்காது, உள்ளுக்குள் போயிருக்கும்: எதையும் தொடங்க முடியாமை, நேரம் போவது தெரியாமை, சொல்லத் தகாததைச் சொல்லிவிட்டுப் பின் வருந்துதல், சின்ன விடயத்துக்கு வீடு அதிரும் கோபம். கோபம் ஏறிய நேரத்தில் நியாயம் பேசாதீர்கள். நீங்கள் குரலைத் தாழ்த்தி, முற்றத்துக்குப் போய்விடுங்கள். இரவு சாப்பாட்டுக்குப் பின் கதைக்கலாம். வீட்டுப்பாடம் செய்தாயா என்று கேட்பதை நிறுத்துங்கள், அது பொய்க்கு வைக்கும் வெற்றிலை பாக்கு. வா, கொப்பியைப் பார்ப்போம் என்று சொன்னால் பொய்க்கு இடமே இல்லை. போன் இரவு ஒன்பதரைக்கு உங்கள் அறைக்கு வர வேண்டும். நித்திரை குறைந்தால் அடுத்த நாள் எந்த மருந்தும் முழுதாக வேலை செய்யாது. அந்த விதி தகப்பனுக்கும் பொருந்தினால்தான் நிலைக்கும்.

மோட்டார் சைக்கிள் விடயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். எங்கள் ஒழுங்கைகளில் பதினைந்து வயதுப் பையன்கள் தகப்பனின் வண்டியில் பறப்பது வழமையாகிவிட்டது. சாரதி அனுமதிப் பத்திரத்துக்கு 18 வயது வேண்டும் என்பது எல்லாப் பிள்ளைகளுக்கும் உரிய சட்டம், ஏ.டி.எச்.டி உள்ள பிள்ளைகள் வீதி விபத்துக்குள்ளாகும் ஆபத்து மற்றவர்களை விடக் கூட என்பதால், சாவி ஆணியில் தொங்கக் கூடாது.

குறைபாட்டின் பெயரை அவனிடமிருந்து மறைக்காதீர்கள். நான் மகனிடம் சொன்னது இவ்வளவுதான்: ‘உனக்குப் புத்தி குறைவில்லை. உன்ரை மூளை பிடிச்ச விசயத்திலை இருந்து விலக மறுக்கும், பிடிக்காத விசயத்திலை நிற்க மறுக்கும். அதுக்கு உதவி எடுக்கிறம்.’ கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘அப்ப நான் மொக்கன் இல்லையா?’ என்று கேட்டான். அத்தனை வருடமும் அவன் தன்னைப் பற்றி என்ன நினைத்துக்கொண்டிருந்தான் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இன்று அவன் குளிரூட்டி திருத்தும் தொழில் செய்கிறான். தொழில்நுட்பக் கல்லூரிக்குப் போனபோது, வைத்தியராகவோ பொறியியலாளராகவோ வராத பிள்ளையைப் பற்றி எங்கள் சொந்தங்கள் கதைத்த கதைகளை இங்கே எழுதவில்லை. கையால் செய்வதும் உடனே பலன் தெரிவதுமான வேலையில் அவனுடைய மனம் நின்றது. 14, 15 வயதிலிருந்து அட்டவணையை நீங்கள் போடாமல் அவனைப் போட வைத்து, நீங்கள் பார்த்துச் சொல்பவராக மாறுங்கள். கிளினிக்கில் சில நிமிடங்கள் அவன் தனியாக வைத்தியருடன் கதைக்கட்டும். எப்போதாவது வாழ விருப்பமில்லை என்ற மாதிரிப் பேசினால், பகிடியாகச் சொன்னாலும், அன்றே வைத்தியரிடம் காட்டுங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

மகளைப் பற்றி நீங்கள் இரண்டு வரிதான் எழுதியிருந்தீர்கள், எனக்கு அந்த இரண்டு வரியும் உறுத்துகின்றன. ஆட்டமோ ஓட்டமோ இல்லாமல் கவனக்குறைவு மட்டும் உள்ள வகை உண்டு. பெண் பிள்ளைகளில் அது பெரும்பாலும் தவறிப்போகிறது, ஏனென்றால் அவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை. முதலில் கண்ணையும் காதையும் சோதியுங்கள். அவள் எங்கேயோ போகும் நேரத்தில் தோளைத் தொட்டுக் கூப்பிட்டுப் பாருங்கள். உடனே திரும்பினால் அது கனவு. சில வினாடிகளுக்குத் தொட்டாலும் தெரியாமல், கண் இமை துடித்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தால், அது வலிப்பின் ஒரு வகையாக இருக்கலாம்; அதைத் தாமதிக்காமல் காட்ட வேண்டும். வாசிக்கும்போது எழுத்துகளில் தடக்குப்படுகிறாளா என்பதையும் கவனியுங்கள். புலமைப்பரிசில் பரீட்சை பத்து வயதில் வரும் ஒரு பரீட்சை, அவ்வளவே. அதற்காக இந்தச் சோதனைகளை அடுத்த வருடத்துக்குத் தள்ளாதீர்கள். உங்கள் பிரிவின் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் சொன்னால் வழிகாட்டுவார்கள். யாழ் போதனா வைத்தியசாலையிலும் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையிலும் மனநலப் பிரிவுகள் இருக்கின்றன, அரச வைத்தியசாலை என்பதால் பணம் தேவையில்லை.

கணவரையும் பற்றி ஒரு வார்த்தை. மாமியார் சொன்னது சரியென்றால், வீட்டில் இக்குறைபாடு உள்ளவர் மகன் மட்டும் இல்லாமலும் இருக்கலாம். கட்டணச் சிட்டைகளை மறப்பதும், பொறுமை இழந்து கையோங்குவதும் அவருக்கும் தெரிந்தே நடப்பதாக இருக்காது. சண்டையில் இதை எடுத்து வீசாதீர்கள். மகனுக்கு வைக்கும் மட்டையும் மணிக்கூடும் அவருக்கும் உதவுவதை அவரே கண்டுகொள்வார்.

அடுத்த தவணைக்குப் போகும் முன் இரண்டு கிழமைக்கு ஒரு கொப்பியில் எழுதி வாருங்கள்: குளிசை கொடுத்த நேரம், சாப்பிட்ட அளவு, நித்திரைக்குப் போன நேரம், பள்ளிக்கூடத்திலிருந்து வந்த முறைப்பாடுகள், அவன் தானாகச் செய்து முடித்த வேலைகள். வகுப்பாசிரியையிடம் அரைப் பக்கக் குறிப்பொன்றும், சிறுவயதுச் சுகாதாரப் பதிவேடும், முடிந்தால் தரம் 1, 2 இன் தேர்ச்சி அறிக்கைகளும் கூடவே இருக்கட்டும். மாமியாரையும் மறக்காதீர்கள், முன் வரிசையில் அவரை இருத்தி, மகனுடைய சிறுவயதுக் கதையை அவரையே முதலில் சொல்ல விடுங்கள்.